இரண்டு அங்குலம்

நிறுக்கிற வேலை என்னுடையது.
வங்கியின் அடகுப் பகுதியில், கண்ணாடிக்குப் பின்னால்,
காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை
பிறர் கழுத்துச் சங்கிலிகளைப்
பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தூக்கித்
தட்டில் வைப்பேன்.
மின்விசிறியை நிறுத்தினால்தான் இலக்கம் நிற்கும்.
காற்றுக்கும் மில்லிகிராம் உண்டு.

இந்த விரல்களுக்கு
இருபது கிலோ தூக்க ஆசை வந்தது.

ஏனென்று மேலாளர் கேட்டார். சும்மா என்றேன்.
ஏனென்று தர்மினி கேட்டாள்.
ஊறுகாய்ப் போத்தல் மூடி என்றேன்.
காணொளியில் பார்த்த ஒருத்தியைப் பற்றி
இரண்டு பேருக்கும் சொல்லவில்லை:
வழுவழுத்த இரண்டு இரும்புத் தட்டுகளை ஒட்டவைத்து
விளிம்பைக் கவ்வித் தரையிலிருந்து பிரித்தாள்.
முகத்தில் ஒன்றுமில்லை.
பெருவிரல் நகம் மட்டும் வெளுத்தது.

அதற்கென்றே ஒரு கட்டை கொழும்பில் விற்கிறார்கள்.
அலுமினியம். அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.
ஊதா நிறத்திலும் உண்டு.
இரண்டு கிராம் மோதிரத்துக்கு
நான் எழுதிக்கொடுக்கும் காசு அதன் விலை.
அனுப்புகூலி வேறு.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை, வடகரை வீதி, பழைய இரும்புக்கடை.
உடைந்த குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்து
உவைஸ் நானா இரண்டு தட்டுகளை உருட்டிவந்தார்.
மூடிப்போன ஏதோ ஜிம்மினுடையவை.
ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் மழமழவென்று.
எழுத்தை உள்ளே திருப்பிச் சேர்த்துப் பார்த்தேன்.
இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட.

"பத்துப் பத்து இருவது, தங்கச்சி."
நிறுங்கோ என்றேன்.
முத்திரையில் பத்து. தராசில் ஒன்பது நானூறு.
மற்றது ஒன்பது எழுநூறு.
முத்திரையை நம்பாதே என்பதுதானே
எங்கள் மேசையின் முதல் பாடம்.
அவர் சிரித்தார். தராசுக்குத்தான் காசு வாங்கினார்.
துரு சும்மா தந்தது.

வீட்டுக்கு வந்து தூக்கினால்
தட்டுகள் அசையவில்லை.
நான்தான் குனிந்தபடி நின்றேன்.

ஒன்றை மட்டும் தூக்கலாம், ஆனால்
அதன் மெல்லிசு விளிம்பைப் பிடிப்பது வேறு வேலை,
பெருவிரல் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும்.
கட்டை தடிப்பாக இருக்கவேண்டும்.
பாரம் கொஞ்சங் கொஞ்சமாய் ஏறவேண்டும்.

மரக்காலையில் முதிரைத் துண்டொன்று,
இரண்டங்குலத் தடிப்பு, கழிவுக் குவியலில் கிடந்தது.
சீவித் தந்தவன் தேநீர்க்காசு கேட்டான்.
கொளுக்கி ஒன்று, ஹாட்வெயாரில்.
சங்கிலி, மூன்றடி.
அடிக்கணக்கில் சங்கிலி வாங்கியது
வாழ்க்கையில் முதல் தடவை.
பழைய பெயின்ற் வாளிக்குள்
டச் பேயின் ஈர மணல்.

தட்டுக்கடையில் அடுத்த படி இரண்டரைக் கிலோ.
மணலுக்கு அடுத்த படி ஒரு கோப்பை,
மனம் சரியில்லாத நாளில் ஒரு கரண்டி.

நிறை பார்க்க மீன்சந்தைக்குக் கொண்டுபோனேன்.
"இதென்ன மீன், அக்கா?" கோபிதரன் கேட்டான்.
ஏழு இருநூறு என்று சொல்லிவிட்டு
சாக்குத்துணியால் தராசைத் துடைத்தான்.

ஒருநாள் வாளியைப் படலையடியில் மறந்துவிட்டேன்.
காலையில் ஒரு மான்
உப்பு மணலை நக்கிக்கொண்டு நின்றது.
என் பாரத்தில் எவ்வளவு குறைந்ததென்று தெரியாது.

ஐந்தாம் கிழமை: பதினொரு கிலோ, ஆறு விநாடி.
ஏழாவதில் பெருவிரல் கைவிட்டது.
வாளி விழுந்த சத்தத்துக்குக்
கீழ்வீட்டு அருள்மதி தும்புத்தடியால் இடித்தாள்.
நகத்தைப் பார்த்தேன்.
வெளுத்துத்தான் இருந்தது.

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்த பெண்
கைச்சங்கிலியைக் கழற்றித் தந்தாள்.
தூக்கினேன். விரல் நடுங்கியது.
தட்டில் வைத்தும் விட முடியவில்லை.
மூன்று தொண்ணூற்றெட்டு.
நாலு பூச்சியம் மூன்று.
மூன்று தொண்ணூற்றைந்து.
அவள் கண்ணும் இலக்கத்தோடு ஏறி இறங்கியது.

பயப்படாதீங்கோ, அது நான் என்று
கையை எடுத்தேன்.