ஒரு லிட்டருக்கு ஒரு கரண்டி

லாயாங்-லாயாங் என்றால் பட்டம்.
யார் வைத்த பெயரோ.
நாலு பக்கமும் செம்பனை நெருக்கும் இந்த ஊரில்
ஒரு பட்டம் மேலே போய் நான் பார்த்ததில்லை.

ரயில்வே கேட்டுக்கு எதிரே
லிம் தவுக்கேயின் உரக்கடை.
பன்னிரண்டு வருஷமாகக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
சீக்கு வந்த கிளையை ஒடித்து
ரொட்டிப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள்.
எஸ்டேட் கிராணி நாகரத்தினம் எலுமிச்சையோடு வருவார்.
தமிழ்ப்பள்ளி தேவகிருபை டீச்சர் கையில்
எப்போதும் செம்பருத்திதான்.
"மெர்டேக்காவுக்கு மூணு வாரந்தான் இருக்கு,
பிள்ளைங்க பார்த்து வரையணும்.
இந்தப் பஞ்சு ஒட்டிக்கிட்டுப் போகவே மாட்டேங்குது."

பஞ்சு இல்லை டீச்சர். உயிர்.
சுருண்ட கொழுந்தைப் பிரித்தால்
அரிசிமாவு சிந்திய மாதிரி நாற்பது ஐம்பது.
மயிரிழையிலும் மெல்லிய ஊசியைத் தண்டில் இறக்கிவிட்டு
அவசரமே இல்லாமல் குடித்துக்கொண்டிருக்கும்.

லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி
பாத்திரம் கழுவும் சவுக்காரம்.
வெயில் தாழ அடியுங்கள்.
விஷப் புட்டியை நானாக எடுத்து நீட்டுவதில்லை.
தவுக்கேக்கு அதில் என்மேல் வருத்தம்தான்.

ஒரு விஷயம் மட்டும் வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதில்லை.
மருந்துக் கம்பெனிக்காரன் விட்டுப்போன
மலாய்ப் புத்தகத்தில் படித்தது.
பெண்ணுக்கு வாய் உண்டு, இறகு இல்லை.
பிடித்த கிளையிலேயே குடிக்கும், பெறும், சாகும்.
ஆணுக்கு இறகு உண்டு, வாய் இல்லை.
பறக்கத் தொடங்கியபின் எதையும் தின்னாது.
இரண்டு நாள். போனால் மூன்று.

தவனேஸ் உட்லண்ட்ஸ் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
ஆறு நாள் அங்கே, பதினொரு பேர் அறையில்.
சனி இரவு பாலத்தில் மோட்டார் வரிசையில் நின்று நின்று
ஒரு மணிக்குமேல் வீடு சேருவான்.
ஞாயிறு தூங்குவான்.
திங்கள் விடியுமுன் போய்விடுவான்.
டாலரை வெள்ளியாக மாற்றித் தருகிறான், குறையில்லை.
பேச்சைத்தான்
பாலத்தில் எங்கோ வைத்துவிட்டு வந்துவிடுகிறான்.

எங்கள் வாசல் செம்பருத்திக்கும் வந்திருந்தது.
உரக்கடைக்காரி வீட்டில்! எனக்கே தெரியவில்லை.
எறும்புதான் காட்டிக்கொடுத்தது.
கேட் கம்பி ஏறி, குழாயைச் சுற்றி, கிளைவரை வரிசை.
பூச்சியின் பின்னால் போய் நின்று
இனிப்புத் துளி வாங்கிக் குடித்துவிட்டுக்
காவலும் இருந்தன.
கீழ் இலைகள் புகையடித்த மாதிரிக் கறுத்துப்போயின.
மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.

ஞாயிறு மாலை தூங்கி எழுந்தவன்
கைப்பேசி விளக்கில் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"இது என்ன, கொசுவா?"
மூன்று வாரத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி.
"இந்த வெள்ளைப் பூச்சியோட ஆம்பளை."
"என்னத்தத் தின்னும்?"
"வாய் இல்ல."
லேசாகச் சிரித்தான்.
பிறகு விளக்கை அணைக்காமல்
வெகுநேரம் அங்கேயே நின்றான்.
மீதியை நான் சொல்லவில்லை.
அந்த இரண்டு நாள் கணக்கு
புத்தகத்திலேயே கிடக்கட்டும்.

திங்கள் அதிகாலை மோட்டார் சத்தம்
வழக்கத்தைவிடத் தாமதமாகக் கேட்டது.
விடிந்து பார்த்தால் குழாயடியில் ஸ்ப்ரே புட்டி,
பக்கத்தில் சவுக்காரம், பாதிக்குமேல் காலி.
இருட்டிலேயே அடித்திருக்கிறான்,
ஓர் இலை விடாமல், இலையின் அடிப்பக்கமும் விடாமல்.
மத்தியானத்துக்குள் விளிம்பெல்லாம் தீய்ந்து
செடி பழைய பத்திரிகை நிறமாகிவிட்டது.
கிளைக் கவட்டில் மட்டும் நாலைந்து வெள்ளை
அசையாமல் குடித்துக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை டீச்சர் வந்தார்.
"எத்தனை கரண்டின்னு சொன்னே? மறந்துபோச்சு."
ஒன்று டீச்சர்.
ஒன்றே ஒன்று.
கூடப் போனால் கருகிவிடும், பார்த்திருக்கிறேன்
என்று சொல்லும்போதே
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு,
தவுக்கே கணக்கை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.