நிமிசத்துக்கு எத்தனை துளி

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் நிறுத்தின மொறிஸ் மைனர்.
நொத்தாரிசின் பிள்ளைகள் விலை பேசவில்லை,
"கொட்டில் வெளிச்சால் காணும், கொண்டு போங்கோ மிஸி."
கொக்குவிலில் இருந்து கயிறு கட்டி
ரெஜிஸின் லான்ட்மாஸ்டர் இழுத்து வந்தது.

தாங்கியின் மூடி திறக்க
ரெஜிஸ் முகத்தைத் திருப்பினான்.
"பெற்றோல் இல்லை உது. வார்னிஷ்."
நான் மோந்து பார்த்தேன்.
மண்ணெண்ணெய்.
மண்ணெண்ணெய்தான், இத்தனை வருசத்துக்குப் பிறகும்.

ஒன்றரைப் போத்தல் வடிந்தது, சாயத் தண்ணி நிறத்தில்.
பனங்கள்ளு வினாகிரி மூன்று நாள் ஊறவிட்டு
ஒரு சிரட்டை சல்லியும் போட்டு
ஆளுக்கொரு பக்கம் பிடித்து உலுப்பினோம்.
முன்வீட்டு நாய் படலைக்கு வந்து குரைத்தது.
செம்புக் குழாய்க்குச் சைக்கிள் பம்.
காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில்
கருப்பட்டிப் பாகு போல இறுகினதைச் சுரண்டி,
வழி அடைத்த இடத்துக்கு
இருபத்து மூன்றாம் நம்பர் ஊசி ஏற்றினேன்.
நரம்பு கிடைக்காத ஆள்களோடு
முப்பது வருசம் பழகின கை.

பிறகுதான் கண்டேன்,
பொனற்றின் உட்புறம் கறுத்த ரேப்பால் ஒட்டியிருந்த
சேலைன் குழாய். உருளைப் பூட்டும் இருந்தது.

தெரியாததில்லை.
சேலைன் போத்தலில் எப்பன் பெற்றோல்,
ஸ்ராட் எடுத்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது.
ஊரே அப்படித்தான் ஓடியது.
ஆனால் அந்த வருசம்
ஒன்பதாம் வாட்டின் இருப்புப் புத்தகத்தில்
இரண்டு செற் குறைந்தது.
மேற்றன் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டா.
நான் எடுக்கவில்லை என்று
மூன்று தரம் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.
அதில் ஒன்றுதான் இது என்று
எப்படிச் சொல்ல?
இல்லை என்றும்தான்.

"எறியுங்கோ மிஸி, புதுப் பம் கொழும்பால வரட்டும்."
எறியவில்லை.
பழுப்பேறி விறைத்த குழாயைச்
சுடுதண்ணியில் போட்டு இளக்கினேன்.
பொனற்றுக் கொளுவியில் போத்தலைத் தூக்கி,
மணிக்கூட்டைப் பார்த்துத் துளி எண்ணத் தொடங்க
ரெஜிஸ் சிரித்தான்:
"உது நோயாளி இல்லை, முழுசாத் திறவுங்கோ!"

திறந்தேன்.
இரண்டு தரம் இருமி, மூன்றாவதில் பிடித்தது.
முற்றம் முழுக்க வெள்ளைப் புகை.
நாய் ஓடிவிட்டது.
ரெஜிஸ் ஏதோ கத்தினான், கேட்கவில்லை.

போத்தலின் கழுத்துக்கு வந்ததும்
என்னையறியாமல் என் பெருவிரல்
காற்று ஏற முன்னம்
உருளையைப் பூட்டியது.
கிண்ணத்தில் மிஞ்சினதைக் குடித்து
தானாக நின்றது கார்.