பெட்டி சரி

எனக்கு வேலை ஆறாவது கவுண்டரில்.
நாளைக்கு எழுநூறு ரசீது,
எழுநூறு முறை அதே ரப்பர் சொல்:
பணம் செலுத்தப்பட்டது.
தூக்கத்தில்கூடத் தலையணையைக் குத்துகிறேனாம்.
பக்கத்துக் கட்டில் ஃபர்ஹானா சொல்லித்தான் தெரியும்.

அந்தக் குறிப்பு வந்தது ஒரு ரசீதின் முதுகில்.
மால்டாவிலிருந்து தம்பியோடு வந்து
ஐம்பத்தெட்டு நாள் லாட்ஜில் கிடந்த மனிதர்
ஊருக்குக் கிளம்பும் காலையில்
கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.
தம்பி கூட நின்றானா,
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
வரிசை நீளம்.

இந்தியை ஃபர்ஹானா படித்துச் சொன்னாள்:
அமிர்தியில் அருவிக்குப் போகும் பாதை.
நாற்பத்தொன்று என்று எண் போட்ட சந்தன மரம்.
அதற்கு முதுகைக் காட்டி நில்.
தண்ணீர் கேட்கும் பக்கம் இருபது எட்டு.
பிறகு குனி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்.
எண்களில் பாதியை மழை தின்றிருந்தது.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
அப்புறம் ஒரு வெறும் அடிக்கட்டை,
அதை நாற்பது என்று வைத்துக்கொண்டோம்.
அருவியில் தண்ணீர் இல்லை.
எந்தப் பக்கம் கேட்பது?
"என் எட்டா, அவர் எட்டா?" என்றாள் ஃபர்ஹானா.
மூன்று திசையிலும் இருபது நடந்தோம்.
மூன்றாவதில் என் செருப்பு
ஒரு பாறையிடுக்கில் 'டங்' என்றது.

சைக்கிள் டியூப் சுற்றிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.
உள்ளே அறுபது பக்க நோட்டு,
மைப்பெட்டி,
செருப்பின் அடியை வெட்டிச் செய்த ஓர் அச்சு:
படகு.
பாலாற்றில் நான் ஒருநாளும் பார்த்திராத படகு.

முதல் பக்கத்தில் இரண்டு படகு, பக்கம் பக்கமாக.
பிறகு எத்தனையோ கை எழுத்து,
வங்காளம், தெலுங்கு, எங்களுக்குத் தெரியாத ஒன்று.
ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் ஒருத்தி
"இன்று குரங்கு என் ஆரஞ்சைப் பிடுங்கியது,
பத்து நாளில் முதல் முறை சிரித்தேன்"
என்று எழுதியிருந்தாள்.
நடு நடுவே தமிழில்,
பெயரே இல்லாத ஒரு பேனா:
ரோந்து. பெட்டி சரி.
ரோந்து. மழை. பெட்டி சரி.
ரோந்து. டியூப் மாற்றினேன். பெட்டி சரி.

மால்டாக்காரர் கிளம்பிய தேதியைத் தேடினேன்.
ஒரு படகு மட்டும்.
மை அதிகம் தொட்டு, ஊறி,
அடுத்த பக்கத்திலும் தெரிந்தது.

ஃபர்ஹானா மரத்து எண்ணை
விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.
கைப்பையில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு சீல்,
ஓரம் தேய்ந்து ஆபீஸில் கழித்துக்கட்டியது.
அதையே குத்தினேன்.
பணம் செலுத்தப்பட்டது.
குத்திய பிறகு வெட்கமாக இருந்தது.
அழிக்க வழியில்லை.

"இன்னாம்மா பண்றீங்க அங்க, மரத்தாண்ட?"
காக்கிச் சட்டை, கையில் லத்தி.
சந்தனத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்.
பையைக் கொட்டச் சொன்னார்.
கத்தி இல்லை, ரம்பம் இல்லை,
ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்.
"அம்பது ரூபா ஃபைன்."
தொடைமேல் புத்தகத்தை வைத்து எழுதினார்:
பாட்டில் ஒன்று. ரூபாய் ஐம்பது.
அந்த 'ரூ'வின் வால்.
ஃபர்ஹானா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"சீல் ஆபீஸ்ல கீது, திரும்பி வரும்போது வாங்கிக்குங்க."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ரசீதைப் பாறைமேல் வைத்து
என் சீலை எடுத்துக் குத்தினேன்,
பழக்கத்தில், கொஞ்சம் சாய்வாக.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
லத்தியை அக்குளில் செருகினார்.
"உள்ளயும் இதத்தான் குத்துனீங்களா?"

தலையாட்டினேன்.

"மூடிய நல்லா அமுக்குனீங்களா?
எறும்பு பூந்துடும்."