ஒரு காசு

டுலூத்தில் வியாழக்கிழமை, மைனஸ் இருபத்தாறு.
ஏரி உறைந்து முனகுவது நிலவறை வரை கேட்கிறது.
வெர்னா வீட்டு வெப்பக் கொதிகலன்
மூன்று முறை இருமி நான்காவதில் பற்றிக்கொண்டது.
மேசையில் ஊறவைத்த வெள்ளரி, உப்பு பிஸ்கட்,
பென்சில் சீவிய தூள், நான்கு பேர்.
ஐந்தாவதாக நான்,
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
மூன்று டிராகன்களை மடியில் வைத்துக்கொண்டு.

உடன்பிறந்தவை.
ஒவ்வொன்றுக்கும் ஐந்நூற்று நாற்பத்தாறு உயிர்ப்புள்ளி.
இவர்கள் நால்வரையும் கூட்டினால் நூற்று நாற்பத்தெட்டு,
அதிலும் ஓர்வில் போன வாரம் கிணற்றில் விழுந்து
பதினொன்றைத் தொலைத்திருந்தார்.
இதற்குப் போர் என்று பெயரில்லை,
படையல்.

பகலில் நான் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன்.
தள்ளிய தடத்திலேயே மறுபடி பெய்யும்.
வெல்ல முடியாததோடு எனக்கு
ஷிப்டு முறையில் பழக்கம்.
அதனால்தான் இவற்றை இவ்வளவு பெரிதாக வளர்த்தேனோ என்னவோ.

லெஸ்டருக்குப் பெரிய வாள் வேண்டும்.
எவ்வளவு பெரியது?
"இருப்பதிலேயே."
தாதுக் கப்பல் துறையில் முப்பது வருடம்;
எடை அவருக்குப் பதில் மாதிரி.

வெர்னா கேட்டது தப்பிக்கும் வழி எத்தனை என்று.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
அவசரக் கதவைத் தொட்டுப் பார்க்காமல்
ஒரு காலையும் வண்டி எடுத்ததில்லை.
எழுபது முழக் கயிறு வாங்கினாள், பேரம் பேசாமல்.

கடவுளை நம்பாத ஓர்வில் பூசாரியாக ஆடுகிறார்.
எந்த மந்திரத்தை மிச்சம் வைப்பதென்று
அரை மணி நேரம் விரல் மடக்கினார்:
தீக்காப்பா, காயம் ஆற்றுவதா, இறந்தவரோடு பேசுவதா.
"மூன்றாவதை வையுங்கள்," என்றாள் வெர்னா,
"நமக்குள் பேசிக்கொள்ள உதவும்."

சிரிப்பு அடங்கிய பிறகு
மாய் நூ கேட்டாள்:
"அவை காசை எண்ணுமா?"

மருந்துக்கடை வேலை முடிந்து வெள்ளைக் கோட்டோடே வந்தவள்.
எங்கள் கூட்டத்தின் திருடி. இருபத்தொன்பது புள்ளி.

எண்ணும், என்றேன்.
"தினமுமா?"
நான் யோசித்திருக்கவில்லை.
யோசிக்காத முகம் தெரியாமலிருக்கத்தானே அட்டை.
தினமும். தூங்கும் முன்.

"கடையில் ஒரு மாத்திரை குறைந்தால்
அன்றிரவு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம்,"
என்றாள்.
"ஒரு காசு போதும்.
மூத்ததின் குவியலிலிருந்து எடுத்து
நடுவானதின் குவியலில் வைக்க வேண்டும்.
கடைக்குட்டி பார்க்கும்படி."

கொதிகலன்கூட நின்றுவிட்டது.

என் நோட்டில் முப்பத்தோராம் பக்கம்,
செப்டம்பரில் மூன்று மாலைகள் செலவழித்து எழுதியது:
இடது சிறகின் அடியில் செதில் உதிர்ந்த இடம்,
அதற்கென்றே ஒரு வெள்ளி அம்பு,
அம்பு கிடக்கும் முங்கிய மணிக்கூண்டு,
மணிக்கூண்டின் வரைபடம்கூட.
அழித்தேன். ரப்பர் தூள் முழங்காலில் உதிர்ந்தது.
அந்த இடத்தில் எழுதினேன்:
*தினமும் எண்ணும். தூங்கும் முன்.*
பழைய எழுத்துபோல் தெரியட்டுமென்று சற்றுச் சாய்த்தேன்,
யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும்.

"அப்போ என் வாள்?" என்றார் லெஸ்டர்.
"மூன்றில் ஒன்று வெளியே வரும்," என்றாள் மாய் நூ,
"அரை உயிரோடு. அதற்கு வேண்டும்."
அவர் திருப்தியாக ஒரு வெள்ளரியைக் கடித்தார்.

காசை வைக்கப் பகடையில் பதினெட்டு விழ வேண்டும்
என்று நான் சொன்னதும்
அவள் பகடையைத் தொடவில்லை.
"அடுத்த வாரம். பழகிக்கொள்கிறேன்."
கோட்டுப் பையிலிருந்து ஒரு செம்புக் காசை எடுத்தாள்.
கொதிகலன் ஓரம் வெர்னாவின் பூனை
மூக்கை வாலுக்குள் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.
மண்டியிட்டு, முழங்கையால் ஊர்ந்து,
அதன் முன்னங்காலடியில் காசை
நகம் நகமாக நகர்த்தினாள்.

லெஸ்டர் மெல்வதை நிறுத்தினார்.
பூனை கண் திறக்கவில்லை.
ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.

அட்டைக்குப் பின்னால் குறித்துக்கொண்டேன்:
காது.