தாய்ப்பத்திரம்

சர்வர் இறங்கிவிட்டது.
ஏற்காடு சார்பதிவகத்து ஜன்னல் வழியே
பனி உள்ளே வந்து வரிசையில் நிற்கிறது,
டோக்கன் இல்லாமல்.

காத்திருக்கையில் கைப்பேசியில் ஒரு கல்லைப் படிக்கிறேன்.
லகாஷ் நகரத்து மன்னன் என்கெகல்.
நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் முந்தியவன்.
போர் வென்றதாய்ச் சேதியில்லை.
சுமேரிய மன்னர் பட்டியலில் அவன் ஊரே இல்லை.
இருப்பது ஒரு சுண்ணாம்புக் கல்,
அதில் நிலம் வாங்கிய கணக்கு.
அவ்வளவுதான் ராஜா.

பத்திர எழுத்தராகி எனக்கு இருபத்தாறு வருஷம்.
எத்தனையோ பேரை இப்படித்தான் தெரியும்,
முகம் மறந்து, சர்வே எண்ணாக.

வில்லங்கம் பார்த்தவன் யார்?
வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய புன்செய் என்று
யார் சொல்ல யார் செதுக்கியது?
விற்றவன் கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தானா,
விலைத் தானியத்தைக் கழுதைமேல் ஏற்றி
அப்போதே போய்விட்டானா?

என் பெஞ்சில் சடையம்மாள்.
மஞ்சக்குட்டை. அறுபத்து மூன்று சென்ட்.
சில்வர் ஓக் பதினொன்று, பலா இரண்டு,
மேற்படி மரங்களில் ஏறிய மிளகுக்கொடிகள் உட்பட.
வாங்குகிறவர் வரவில்லை.
அவருடைய பவர் ஏஜென்ட் காரில் தூங்குகிறார்.

சூரிய சந்திரர் உள்ளவரை
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது
என்று காலையில்தான் தட்டச்சு செய்தேன்.
ஆண்டு அனுபவித்து.
அஞ்சு சென்ட் வாங்குகிறவனும்
எங்கள் பத்திரத்தில் ஆள்கிறான்.
லகாஷில் சூரியன் இருக்கிறது.
சந்திரன் இருக்கிறது.
ஆண்டவன் இல்லை.

சர்வர் எழுந்தது. டோக்கன் பதினாலு.
சடையம்மாளின் கட்டைவிரலைக் கருவி படிக்கவில்லை.
துடைத்து வை என்றார்கள். ஊதி வை என்றார்கள்.
சேலையில் தேய்த்துத் தேய்த்து வைத்தாள்.
முப்பது வருஷம் காப்பிப்பழம் பறித்த விரல்,
ரேகை எஸ்டேட்டிலேயே நின்றுவிட்டது.
கடைசியில் இடக்கை மோதிர விரலுக்குத்தான்
பச்சை விளக்கு எரிந்தது.

கையெழுத்துக்கு முன் என் பக்கம் திரும்பினாள்.
“கொடியில நிக்கிற இந்த வருசத்து மொளகு
யாருக்குங்க?”

கொடி என்று எழுதியிருந்தேன்.
காயைப் பற்றி எழுதவில்லை.
அந்தக் கல்லிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பேனாவை மூடிவைக்கச் சொல்லிவிட்டு
வெளியே பனிக்குள் இறங்கி
கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.