மாரெனுக்குக் கடல் காட்டப் போன நாள்

பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
மாரென்.
எங்கள் லயத்தில் மாறன் என்றால் ஆம்பிளை,
போன மாதம்தான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான்.
இவளுக்கு அறுபத்தொரு வயது.
காதில் மீன்முள் மாதிரி தோடு.
டென்மார்க்கின் மேற்குக் கரையில்
ஏதோ ஒரு பழைய மீன்பிடி ஊர்.
மூன்று தரம் சொன்னாள், என் நாக்கு மடங்கவில்லை.

பதுளை ரயில் எங்களை இதல்கசின்னவில் இறக்கிவிட்டு
சுரங்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.
இந்தப் பக்கமும் பள்ளம்,
அந்தப் பக்கமும் பள்ளம்,
நடுவில் தண்டவாளமும்
ஸ்டேஷன் மாஸ்டரின் ரோஜாச் செடிகளும்.
ஐயாயிரத்துச் சொச்சம் அடி என்கிறது பலகை.
"எங்கள் நாட்டில்
நூற்று நாற்பத்தேழு மீட்டர் குன்றுக்கு
வானமலை என்று பேர்" என்றவள்
கீழே எட்டிப் பார்த்தாள்.
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் வழிகாட்டி இல்லை.
பிள்ளைக் காம்பராவில் வேலை,
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்த மாதிரி.
இங்கிலீஷ், பண்டாரவளை டியூட்டரியில் எட்டு மாதம்.
தெளிந்த நாளில் இங்கிருந்து தெற்குக் கடல் தெரியும்
என்று நான்தான் வாய் கொடுத்தேன்.
"நீ எத்தனை தரம் பார்த்திருக்கிறாய்?"
ரெண்டு தரம்.
அதில் ஒன்று தகரக் கூரையாகவும் இருக்கலாம்.

கருப்பந்தைல மரங்களுக்குக் கீழே நடந்தோம்.
காட்டுக் கோப்பி சிவந்து பழுத்திருந்தது,
பறிக்க ஆளில்லாத துரைமார் காலத்துக் கோப்பி.
ஒவ்வொரு செடிக்கும் பேர் கேட்டாள்.
எனக்குத் தெரிந்தது நாலு.
மற்றதுக்கெல்லாம் 'புல்லு' என்றேன்,
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அட்டை ஏறிய காலுறையில் சவர்க்காரம் தேய்த்துவிட்டேன்.
"இதற்குப் பேர்?"
அட்டை.
அதற்கு மட்டும் படமும் வரைந்தாள்.

பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச்சம்பலும்.
பனி வந்து எங்கள் முழங்காலைத் தின்றது.
உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
அவள் ஊரைக் கடல் தின்கிறதாம்.
மண்மேடு வருஷத்துக்கு ஓரடி, சில வருஷம் ஓராள் நீளம்.
விளிம்பில் ஒரு பழைய கோயில் நின்றதாம்,
அவள் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில்.
விழுவதற்கு முன் வந்து
ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதி
கவனமாகக் கழற்றி
லொறியில் ஏற்றிப் போய்
உள்ளே தள்ளிப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம்.

நான் ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தேன்.

எங்கள் கதவுகளிலும் எண் இருக்கிறது.
எங்களது பதினேழு.
அம்மாவின் அம்மா காலத்திலேயே அடித்த கறுப்புத் தார்.
போன மழைக்குப் பிறகு அதற்குப் பக்கத்தில்
சிவப்பு மட்டையில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள்:
அபாய வலயம், வெளியேறவும்.
எங்கே என்று எழுத மட்டையில் இடமில்லை.
லொறி வரவில்லை.
பின்சுவரில் ஒரு வெடிப்பு.
போன தைக்கு நகம் நுழைந்தது,
இப்போது ரெண்டு ரூபாய்க் காசு நுழைகிறது.

இதையெல்லாம் எட்டு மாத இங்கிலீஷில்
எப்படிச் சொன்னேனோ.
கல்லுக்கு எண், கதவுக்கு எண்,
கடல், மண்,
இரண்டு கையாலும் சரித்துக் காட்டினேன்.
அவள் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை.
நல்லவேளை.

அப்போதுதான் பனி ஒரு தரம் விலகியது.
மலைகளுக்கு அப்பால், சமவெளிக்கும் அப்பால்
மீன் செதில் அகலத்தில் ஒரு மினுக்கம்.
கடல், கடல் என்று கத்திவிட்டேன்.
மாரென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
துடைத்து முடிப்பதற்குள் மூடிக்கொண்டது.
"நீ பார்த்தாயே" என்றாள்.
எனக்கு மூன்றாவது தரம்.

ரயில் தாமதம்.
பிரியும்போது கூலிக்கு மேல் ஒரு காசு தந்தாள்,
அவர்கள் நாட்டுக் காசு, நடுவில் ஓட்டை.
எந்தக் கடையிலும் செல்லாது,
சின்னவனின் அரைஞாணில் கோக்கலாம்.

ஆனால் இரவு பிள்ளைகள் தூங்கியதும்
டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனேன்.
காசை வெடிப்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன்.
நுழையவில்லை.
கொஞ்சம் தடிப்பு.
வெளியே தூறல் தொடங்கியிருந்தது.