கவிழ்த்த தாள்

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸ் மதிலுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை போட்டுப் பதினாறு வருஷம்.
கவிழ்த்து வைத்துத்தான் எடுப்பேன்.
ஆனாலும் படித்துவிடுவேன்.
மூடியைத் தூக்கும் அந்த ஒரு நொடி போதும்,
யாருக்கு விவாகரத்து, யாருக்குப் பட்டா.

கொளஞ்சி முதலில் வந்தது
தானே புயலுக்கு அடுத்த மாசம்.
கையில் ஜி.எச். சீட்டு, ஓரம் நனைந்து.
பெண்சாதிக்கு ரத்தம் இல்லையாம்.
'ஜிப்மருக்குக் கொண்டு செல்லவும்' என்று
டாக்டரின் கிறுக்கல் சாய்ந்து கிடந்தது.
எதுக்கு ஜெராக்ஸ் என்றேன்.
"சவுக்கு மேஸ்திரி முன்பணம் தரணும்னா
நெசமாலும் இப்படித்தான் எழுதியிருக்குன்னு காட்டணும்."

பாண்டிச்சேரி இங்கிருந்து ஒரு பஸ்தான்.
ஏறினார்களா என்று நான் கேட்கவில்லை.
அடுத்த தடவை அவர் கொண்டுவந்தது இறப்புச் சான்று.
அதில் சாதி கேட்கும் கட்டம் இல்லை.

இந்த ஆனியில் மகள் வந்தாள், சிந்துஜா.
பிளஸ் டூவில் ஐந்நூற்றுப் பதினொன்று.
நர்சிங்குக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.
எஸ்.டி. சான்று கேட்டுப் போட்ட மனு
மூன்று வருஷமாய் உள்ளே கிடக்கிறது.
விசாரிக்க வந்தவர் கேட்டாராம்:
"எலி புடிப்பியா?
பாம்பு கடிச்சா என்ன பச்சிலை, சொல்லு?
இவ்ளோ திருத்தமா பேசுற, நீ எப்படிம்மா இருளர்?"
பாம்பு கடித்தால் ஊசி, என்றாளாம்.
அங்கே போயிற்று மனு.

எனக்கும் ஒரு சாதிச் சான்று உண்டு.
பத்தாவது படிக்கும்போது அப்பா
வி.ஏ.ஓ.வுக்கு டீ சொல்லி,
டீ ஆறுவதற்குள் வாங்கி வந்தார்.
என்னை யாரும் எதையும் பிடித்துக் காட்டச் சொல்லவில்லை.

இந்தப் புதன்கிழமை அவள் பையிலிருந்து எடுத்தது
வேறு தாள். நாலு மடிப்பு,
மடிப்பில் எழுத்து தேய்ந்து.
ஆலப்பாக்கத்தில் ஒரு மாடிவீட்டில் நகை போன ராத்திரி
ஜீப் நேராக இவர்கள் குடிசை முன்னால் வந்து நின்றது.
ரேஷன் கார்டுக்குக் கிடைக்காத விலாசம்
இருட்டில் கிடைத்துவிட்டது.
நாற்பத்தாறு நாள் ஜெயில்.
அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா.
நகையை அடகு வைத்தது அந்த வீட்டு மருமகனேதான்
என்று தெரிந்து விடுதலை ஆக நாலு வருஷம்.
கொளஞ்சிக்கு அதற்குள் வலது தோள் தூக்க வரவில்லை.

அந்தக் குற்றப்பத்திரிகை.
ரப்பர் முத்திரைக்கு மேலே, தெளிவாக, டைப் அடித்து:
எதிரியின் பெயர்: கொளஞ்சி.
இனம்: இருளர்.

"இதை எழுதறதுக்கு
அப்பாவை எலி புடிக்கச் சொல்லலைக்கா"
என்றாள். சிரிக்கவில்லை.
"மூணு காப்பி போடுங்க."

என் மிஷினில் டிரம் பழசு.
எல்லாத் தாளிலும் கறுப்பாய் ஒரு கோடு விழும்.
முதல் காப்பியில் அது 'இருளர்' மேலேயே விழுந்தது.
கிழித்துப் போட்டேன்.
தாளை ஒரு நூல் நகர்த்தி வைத்தேன்.
கோடு போய் 'எதிரி'யை அடித்தது.
அவள் பார்த்தாள்.
"இருக்கட்டும்க்கா, இதுவே நல்லா இருக்கு."
ஆறு ரூபாய் சில்லறையாகக் கொடுத்தாள்.
எண்ணித்தான் போட்டேன் கல்லாவில்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள்.
மனுவின் மூலையில் சிவப்பு மையில்:
'அசலுடன் வரவும்.'
அசல் கோர்ட்டில் இருக்கிறது.
நகலுக்கு மனுப் போட்டால் பத்து நாள் ஆகும் என்றார்களாம்.
வெள்ளிக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு வியாழன்.

என்ன சொல்வது என்று தெரியாமல்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அவள் அந்தத் தாளையே நீட்டினாள்.
"இதையும் ஒரு காப்பி."
"இது எதுக்கும்மா?"
"வந்தேன், கேட்டேன், திருப்பி அனுப்பினாங்க.
அதுக்கு ஒரு அத்தாட்சி வேணும்ல.
நாளைக்கு எங்கே கேட்கணுமோ
அங்கே இதைத்தான் முதல்ல வைப்பேன்."

கவிழ்த்து வைத்தேன். வெளிச்சம் ஓடித் திரும்பியது.
சிவப்பு மை என் மிஷினில்
கறுப்பாகத்தான் விழும்.
காயும்வரை ஊதிக்கொண்டே நின்றாள்,
ஜெராக்ஸ் ஈரமாய் வராது என்று
நான் சொல்லவில்லை.